பள்ளிக்கூடத் தெருவும் கோவில் தெருவும்



தை மாதம் பிறந்ததும் நமது ஞானோபதேச வகுப்பில் பின்வரிசைப் பெஞ்சுகள் காலியாகிவிடுகின்றன. சிறு பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். 10-ஆம் வகுப்பும் 12-ஆம் வகுப்பும் படிக்கிறவர்களைத்தான் காணோம். விசாரித்தால், “இந்த வருஷம் பெரிய பரீட்சை, சுவாமி. அது முடியட்டும், பூசை செபம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தாய்தகப்பன்மார் சொல்லுகிறார்கள். பரீட்சை முடிகிற வரையில் சர்வேசுரன் வெளித்திண்ணையில் காத்திருப்பார் என்பது இவர்களுடைய எண்ணம் போலும்!

வேறு சிலர் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறார்கள். “பட்டணத்துக் கல்லூரிக்கு மகனை அனுப்பப் பயமாயிருக்கிறது, சுவாமி. அதிகம் படித்தவன் முழந்தாளிடுவதில்லை” என்பது அவர்கள் வாதம். இந்தப் பயத்தினாலேயே, நன்றாய்ப் படிக்கக்கூடிய பெண்பிள்ளைகளை மேலே படிக்க விடாமல் வீட்டோடு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

இந்த இரு திறத்தாரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டாலும், இருவர் மனதிலும் இருப்பது ஒரே கொள்கைதான். விசுவாசமும் படிப்பும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாத சக்களத்திகள். ஒருத்தி உள்ளே வந்தால் மற்றவள் வெளியே போகவேண்டும் என்பதே அந்தக் கொள்கை. இதை ஒரு காலத்தில் ஒரு சக்கரவர்த்தி சட்டமாகவே எழுதி வைத்தான். அவன் திருச்சபையின் நண்பன் அல்ல. அவன் பெயர் யூலியான். வேதத்தை மறுதலித்த யூலியான் என்று சரித்திரம் அவனை அழைக்கிறது.

அவன் கிறிஸ்தவனாகவே வளர்க்கப்பட்டவன். கொன்ஸ்தாந்தீன் பேரரசருக்குச் சகோதரன் மகன். வாலிபத்தில் இரகசியமாய் வேதத்தை விட்டு விலகினான். கி. பி. 361-ல் சிம்மாசனம் ஏறியதும் அதை வெளிப்படையாக்கினான். ஆனால் முந்திய கொடுங்கோலரைப் போல வேதசாட்சிகளை உண்டாக்க அவனுக்கு விருப்பமில்லை. வேதசாட்சிகளுடைய இரத்தம் திருச்சபைக்கு என்ன செய்யும் என்பதை அவன் அறிந்திருந்தான். எனவே வாளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பிடித்தான்.

362-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதியிட்ட சட்டம் ஒன்று, ஆசிரியர்கள் யாவரும் நன்னடத்தை உள்ளவர்களாய் இருக்கவேண்டும் என்றும், நகர சபையின் அங்கீகாரம் பெறவேண்டும் என்றும் கட்டளையிட்டது. இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். இதன் உட்பொருளை அவனே ஒரு நிருபத்தில் விளக்கினான். ஓமரும் எசியோதும் பாடிய தேவர்களை நம்பாதவன், அந்தப் புலவர்களுடைய நூல்களைப் பாடம் சொல்லுவது நேர்மையல்ல. அப்படிப்பட்டவன் கலிலேயருடைய கோவில்களுக்குப் போய் மத்தேயுவையும் லூக்காவையும் விளக்கட்டும் என்று எழுதினான். கலிலேயர் என்று அவன் இகழ்ந்தது நம்மைத்தான். கிறிஸ்தவப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரலாம் என்று தாராளமாக அனுமதியும் கொடுத்தான்! அஞ்ஞான ஆசிரியர்களிடம் மட்டுமே படித்து வளர்ந்தால் பிள்ளைகள் தாமாகவே தன் பக்கம் சேருவார்கள் என்பது அவன் கணக்கு.

அந்தக் காலத்துக் கல்வி இன்னதென்று சற்றே அறிந்துகொள்ளுங்கள். முதலில் எழுத்து, பிறகு இலக்கண ஆசிரியரிடம் ஓமர் முதலிய புலவர்கள், கடைசியாகச் சொல்வன்மை ஆசிரியரிடம் பேச்சுக் கலை. பெரிய உத்தியோகத்துக்கும் நீதிமன்ற வழக்குக்கும் அதுவே வாசல். அந்தக் கதைகளிலோ, தேவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் விபசாரமும் வஞ்சகமும் சண்டையும் செய்கிறவர்களாகவே காணப்படுகிறார்கள். ஆகையால் நமது பயந்த பெற்றோர் அப்போது இருந்திருந்தால், “நல்லதாய்ப் போயிற்று! சனியன் ஒழிந்தது” என்று சக்கரவர்த்திக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. ஏறக்குறைய 150 வருஷங்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியான் என்ற வல்லவர், ஏதென்சுக்கும் ஜெருசலேமுக்கும் என்ன உறவு என்று கேட்டவர்தான். கிறிஸ்தவன் அஞ்ஞான நூல்களைக் கற்கலாம், கற்பிக்கக்கூடாது என்பதும் அவர் எழுதியதே. யூலியானுடைய சட்டமும் இவருடைய தீர்ப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? தெர்த்துல்லியான் முடிவில் திருச்சபையை விட்டே விலகிப்போனார் என்பதையும் கூடவே சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அன்றைய கிறிஸ்தவர்கள் நன்றி சொல்லவில்லை. கோபங்கொண்டார்கள். நசியான்சு ஊர் அர்ச். கிரகோரியாருடைய கோபம் இன்றைக்கும் அவர் எழுத்தில் கொதிக்கிறது. செல்வத்தையும் குலப்பெருமையையும் புகழையும் விட்டுவிட்டதாகவும், சொல்லின் கல்வி ஒன்றை மட்டுமே தமக்கென்று பிடித்துக்கொண்டதாகவும், அதையும் இவன் பறிக்க வந்தானே என்றும் அவர் குமுறுகிறார். கிரேக்க மொழி உனக்கு மட்டும் சொந்தமா என்று கேட்கிறார். எழுத்து பெனீசியரிடமிருந்து வந்தது, நட்சத்திர சாஸ்திரம் பாபிலோனியரிடமிருந்து வந்தது; அவரவர் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்டால் கிரேக்கன் கையில் மிஞ்சுவது என்ன என்பது அவருடைய வாதத்தின் சாரம். நல்ல வாதம்! அறிவுக்குச் சொந்தக்காரர் சர்வேசுரன் ஒருவரே. அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறச் செய்தாலும் அது தண்ணீர்தான்.

உரோமை நகரில் விக்தொரீனுஸ் என்ற முதிய ஆசிரியர் இருந்தார். அவருடைய கல்விக்காகத் திராயான் மன்றத்தில் அவருக்குச் சிலையே வைத்திருந்தார்கள். வயது முதிர்ந்த காலத்தில் வேதாகமத்தை ஆராய்ந்து உள்ளத்தில் விசுவாசியானார். ஆனால் பெரிய மனிதர்களுக்குப் பயந்து கோவிலுக்கு வராமலே இருந்தார். சிம்பிளிசியானுஸ் என்ற குருவானவர் கண்டித்தபோது, சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்று வேடிக்கையாகக் கேட்பாராம். (இதே கேள்வியை நமது பங்கிலும் சிலர் கேட்கிறார்கள்; ஆனால் அவர்களுக்குச் சிலை ஏதும் வைத்ததாகத் தெரியவில்லை.) கடைசியில் வெட்கம் பயத்தை வென்றது. தனியாக விசுவாசப் பிரமாணம் சொல்லலாம் என்று சலுகை கொடுத்தும் அவர் மறுத்து, சபையார் எல்லாருக்கும் முன்பாக உரத்த சத்தத்தோடு அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றார். யூலியானுடைய சட்டம் வந்தபோது, தம் வாழ்நாள் முழுவதும் நடத்திய பேச்சுக்கலைப் பள்ளியைத் துறந்தார். ஏதென்சில் புரோஏரேசியுஸ் என்ற கிறிஸ்தவ ஆசிரியருக்கு மட்டும் விலக்கு அளிக்கச் சக்கரவர்த்தி முன்வந்தான். மற்றவர்களுக்கு இல்லாத சலுகை தமக்கு வேண்டாமென்று அவரும் நாற்காலியை விட்டு இறங்கினார்.

லவோதிக்கேயா பட்டணத்தில் அப்பொல்லினாரியுஸ் என்ற தகப்பனும் அதே பெயருள்ள மகனும் வேறொரு வழி கண்டார்கள். பழைய ஏற்பாட்டுச் சரித்திரங்களை ஓமருடைய நடையில் காவியமாகவும், சுவிசேஷங்களைப் பிளாத்தோவின் முறையில் உரையாடல்களாகவும் மாற்றி எழுதினார்கள். நமக்கென்று தனிப் பள்ளிப் புத்தகம் வேண்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் யூலியான் 363-ல் பாரசீக யுத்தத்தில் மாண்டு, 364-ல் சட்டமும் நீக்கப்பட்டபோது, கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்தப் புதுப் புத்தகங்களை எடுத்துப் படிப்பிக்கவில்லை; பழைய ஓமரையே மறுபடியும் கையில் எடுத்தார்கள். திருச்சபைச் சரித்திரம் எழுதிய சோக்கிராத்தெஸ், அந்தப் புத்தகங்கள் எழுதப்படாதவை போலவே மறைந்துபோயின என்கிறார். கலப்படமில்லாத நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் நல்ல நூல் உண்டாகிவிடாது என்பதை நமது பக்திப் புத்தகக்காரர்களும் சற்று யோசிக்கலாம்.

யூலியானைப் போற்றியவரும், கிறிஸ்தவரல்லாதவருமான அம்மியானுஸ் என்ற சரித்திராசிரியரே இந்தச் சட்டத்தைக் கொடுமையானது என்றும், மௌனத்தால் மூடிவிடத் தக்கது என்றும் கண்டித்து எழுதியிருக்கிறார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 355-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்தில் மூன்று வாலிபர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். கப்பதோக்கியா நாட்டிலிருந்து வந்த பசிலியார், அவருடைய சிநேகிதர் கிரகோரியார், அரச குடும்பத்து யூலியான். ஒரே ஊர், ஒரே விதமான ஆசிரியர்கள், ஒரே ஓமர். இருவர் அர்ச்சியசிஷ்டவர்களாய்ப் பீடத்தில் வைத்து வணங்கப்படுகிறார்கள். ஜனவரி 2-ந் தேதி அவர்கள் இருவருக்கும் சேர்த்தே திருநாள் கொண்டாடுகிறோம். மூன்றாமவன் வேதத்துரோகி ஆனான். படிப்புதான் விசுவாசத்தைக் கெடுத்தது என்றால் மூவரையும் அல்லவா கெடுத்திருக்க வேண்டும்?

“யூலியானுக்கு ஞானோபதேசம் போதாமல் போயிருக்கும்” என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவன் ஒரு மேற்றிராணியாருடைய பராமரிப்பில் வளர்ந்தவன். ஆலயத்தில் வேதாகமம் வாசிக்கும் வாசகர் பட்டம் பெற்றவன். நமது வகுப்பில் இருந்திருந்தால் வருஷந்தோறும் அவனே முதல் பரிசு வாங்கியிருப்பான். குறை எங்கே இருந்ததென்றால், அவன் வீட்டில் இருந்தது. பிறந்த சில மாதங்களில் தாய் இறந்துபோனாள். சுமார் ஆறு வயதில், 337-ல், அவனுடைய தகப்பனையும் உறவினர் பலரையும் போர்வீரர்கள் கொன்றார்கள். அது தன் உறவினனாகிய கொன்ஸ்தான்சியு சக்கரவர்த்தியின் ஏற்பாடு என்று யூலியான் நம்பினான். அந்தச் சக்கரவர்த்தியோ கிறிஸ்தவன். மேற்றிராணிமாரைக் கூட்டிச் சங்கங்கள் நடத்தியவன். வாயில் சுவிசேஷமும் கையில் இரத்தமும் உள்ள குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அவனுடைய துரோகத்துக்கு அவனே கணக்குச் சொல்லவேண்டும்; ஆயினும், அவனுக்கு முன்பாகக் கிறிஸ்தவர் என்று பெயர் வைத்துக்கொண்டு நடந்தவர்களும் கூடவே நின்று கணக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்று நான் அஞ்சுகிறேன்.

பசிலியாருடைய வீட்டைப் பாருங்கள். அவருடைய பாட்டனும் பாட்டியும் வேதகலாபனையில் போந்து நாட்டுக் காடுகளில் ஒளிந்து வாழ்ந்தவர்கள். அந்தப் பாட்டி மக்ரீனாள், பழைய காலத்துப் பரிசுத்த மேற்றிராணியாராகிய புதுமை கிரகோரியாருடைய போதனைகளைப் பேரப்பிள்ளைக்கு வாயால் சொல்லிக்கொடுத்தாள். தகப்பனோ பேச்சுக்கலை ஆசிரியர். பசிலியாருக்கு முதல் பாடம் சொன்னவரும் அவரே. தாய் எம்மேலியாள் மூத்த மகளுக்குச் சங்கீதங்களைக் கற்பித்தாள். எழுந்திருக்கும்போது ஒன்று, வேலை தொடங்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று அந்தப் பிள்ளை சங்கீதத்தோடேயே வளர்ந்தாள். பிற்பாடு பசிலியார் படிப்பெல்லாம் முடித்து ஊர் திரும்பினபோது, தம்மைவிடக் கற்றவர் நாட்டில் ஒருவருமில்லை என்ற தலைக்கனத்தோடு வந்தார் என்று அவருடைய தம்பியே எழுதியிருக்கிறார். அந்தத் தலைக்கனத்தை இறக்கிவைத்தவள் யார்? சங்கீதம் பாடி வளர்ந்த அந்த அக்காள்தான். பட்டம் வாங்கிய மகன் வீட்டுக்குள் நுழையும்போது, அவனுக்கு ஞானத்தில் மூத்தவள் ஒருத்தி அடுப்பங்கரையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆபத்துதான்.

ஏதென்ஸ் நாட்களைப் பற்றிக் கிரகோரியார் பின்னாளில் நினைவுகூரும்போது, தமக்கும் பசிலியாருக்கும் அந்த நகரத்தில் இரண்டு வழிகள் மட்டுமே தெரியும் என்கிறார். ஒன்று கோவிலுக்கும் அங்கே போதிக்கிற குருமாரிடமும் போகிற வழி, அதுவே முதலாவது. மற்றொன்று உலகக் கல்வி ஆசிரியர்களிடம் போகிற வழி. விருந்துக்கும் நாடகத்துக்கும் வேடிக்கைக்கும் போகிற தெருக்களைப் பிரியமுள்ளவர்களுக்கு விட்டுவிட்டார்களாம். கவனியுங்கள்: பள்ளிக்கூடத் தெருவை அவர்கள் மூடவில்லை. இரண்டிலும் நடந்தார்கள்; எது முந்தியது என்பதில் மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தார்கள். நமது பிள்ளைகளுக்கோ டியூஷன் தெரு தெரியும், கைப்பேசிக்குள்ளே நூறு தெரு தெரியும். கோவில் தெரு மட்டும் பரீட்சைக் காலத்தில் மறந்துபோகிறது.

இந்தப் பசிலியார் பிறகு தம் குடும்பத்து வாலிபருக்கென்று, கிரேக்க இலக்கியத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்று ஓர் உரை எழுதினார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காருவதில்லை. உட்கார்ந்த பூவையும் முழுவதும் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. அப்படிப் படியுங்கள் என்கிறார். சாயக்காரர் துணியை முதலில் பதப்படுத்திக்கொண்டு பிறகே இரத்தாம்பரச் சாயத்தில் முக்குகிறார்கள். அதுபோல உலக இலக்கியத்தினால் பதப்பட்ட மனதில் வேத சத்தியத்தின் நிறம் அழியாமல் பிடிக்கும் என்கிறார். கெட்டவர்களைப் புகழ்ந்து புலவர்கள் பாடும் இடம் வந்தால், மயக்கும் பாட்டுக்கு முன் ஒதீசெயு காதை அடைத்துக்கொண்டது போல அடைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஓமரிடமிருந்து காத்துக்கொள்ளும் உபாயத்தையும் ஓமருடைய கதையிலிருந்தே எடுத்துச் சொல்லுகிறார், பார்த்தீர்களா!

அந்தச் சிறு உரை ஆயிரம் வருஷம் தாண்டியும் வேலை செய்தது. 1400-ஐ ஒட்டி இத்தாலியில் லெயனார்தோ புரூனி அதை லத்தீனில் பெயர்த்தபோது, அஞ்ஞானப் புலவர்களைப் பள்ளியில் வைக்கலாமா என்று தயங்கியவர்களுக்கு அதுவே பெரிய துணையாயிற்று. 1599-ல் சேசுசபையார் தங்கள் பள்ளிகளுக்கு வகுத்த பாடமுறையிலும் சிசெரோவும் விர்ஜிலும் இடம் பெற்றார்கள். அந்தச் சபையில் பயின்ற ஒருவர்தான் நமது வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த அவர், இங்கே வந்தபின் திருக்குறளைத் தீண்டத்தகாததென்று ஒதுக்கினாரா? அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அதே கையினால் அர்ச். சூசையப்பருடைய சரித்திரத்தைத் தேம்பாவணியாகப் பாடினார். விசுவாசம் அவருக்குக் குறைந்ததா, கூடிற்றா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் அறியவேண்டும். பசிலியார் காலத்துத் திருச்சபை எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கத் தனிப் பள்ளிகளைப் பொதுவாக ஏற்படுத்தவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள் ஊராருடைய பள்ளிக்கே போனார்கள். விசுவாசத்தைக் கொடுக்கிற பள்ளி வீடும் கோவிலும்தான். இன்றைக்கு நாம் கன்னியர் பள்ளியில் இடம் வாங்கிக்கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததென்று கை கழுவிவிடுகிறோம். பொன்வாய் அருளப்பர் என்கிற அர்ச். கிறிசோஸ்தோமுவின் தாய் அந்தூசாள் அப்படிக் கழுவவில்லை. இருபது வயதில் விதவையானவள். மகனைப் படிக்க வைத்தாள். அவருக்குப் பாடம் சொன்ன அஞ்ஞான ஆசிரியரே அந்த அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டு, கிறிஸ்தவர்களிடம் எப்பேர்ப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்று வியந்து பேசினாராம்.

அந்த மகன் பிற்காலத்தில், பிள்ளைகளை வளர்க்கும் விதத்தைப் பற்றித் தகப்பன்மாருக்கு ஒரு நூல் எழுதினார். அதில் சொல்லுகிறதைச் செய்ய எந்தப் பரீட்சையும் தடையாகாது. இரவுச் சாப்பாட்டு வேளையில் காயீன் ஆபேல் கதையைச் சொல்லு. பிள்ளைக்கு ருசிக்கும்படி சொல்லு. தாயும் உடன் உட்கார்ந்திருக்கட்டும். இன்னொரு நாள் இரவில் அதே கதையைப் பிள்ளையைக் கொண்டு சொல்லச் செய். அது மனதில் பதிந்தபின் ஏசா யாக்கோபு கதைக்குப் போ. நரகத்தைப் பற்றிய பேச்சு 15 வயதுக்குப் பிறகு போதும் என்கிறார். (சோறு உண்ணாத குழந்தையை நரகத்தைச் சொல்லி மிரட்டும் பாட்டிமார் இதைக் கவனிக்கவும்.) பிறகு அந்தக் கதை கோவிலில் வாசிக்கப்படுகிற நாளில் பிள்ளையைக் கையில் பிடித்து அழைத்துப் போ, மற்றவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று அவன் துள்ளுவான் என்கிறார்.

தபசுகாலத்தின் 4-ஆம் ஞாயிறன்று இவ்வருஷம் ஊதாரிப்பிள்ளையின் உவமை வாசிக்கப்படும். அர்ச். லூக்கா சுவிசேஷம், 15-ஆம் அதிகாரம். சனிக்கிழமை இரவு சாப்பாட்டின்போது தகப்பன்மார் அதைத் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்லவும். வாசிக்கத் தெரியாதவர்கள் மனைவியையோ மூத்த பிள்ளையையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொல்லலாம். கால் மணி நேரம் போதும். கணக்குப் புத்தகம் அதற்குள் ஓடிப்போகாது. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளிடம் அந்தக் கதையைக் கேட்பேன். 10-ஆம் வகுப்பிலும் 12-ஆம் வகுப்பிலும் உள்ளவர்களிடம், மூத்த மகன் ஏன் வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்றான் என்று கேட்பேன். பின்வரிசைப் பெஞ்சுகளைத் துடைத்து வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

சேசுவில் உங்கள்
பங்குக் குருவானவர்